பூனை மேல் பழி

பூனை வளர்ப்பதில்லை என்பது நமது நெடுநாளைய விரதம். சென்ற ஐப்பசி மழையில் ஒரு சாம்பல் நிறக் குட்டி கொல்லைப்புறமாக உள்ளே நுழைந்து, நமது விரதத்தைப் பற்றி விசாரியாமலே அடுப்பங்கரையில் படுத்துக்கொண்டது.

கம்பர் தமது காவியத்தின் ஆரம்பத்தில், பாற்கடல் முழுவதையும் நக்கிக் குடித்துவிடப் புறப்பட்ட பூனைக்குத் தம்மை ஒப்பிட்டுக்கொள்கிறார். அவையடக்கத்துக்கு உதாரணமாக இதை இருபது வருஷமாக வகுப்பில் போதித்து வந்தோம். நமது வீட்டுப் பால் பாத்திரத்துக்குள் தலையை விட்டுக்கொண்டு நின்ற ஜீவனைக் கண்ட பிறகோ, அடக்கம் முழுவதும் கம்பருடையது, பூனைக்கு அதில் லவலேசமும் பங்கில்லை என்பது விளங்கிற்று.

மூன்றாம் நாள் அது மேஜை மீதிருந்த விடைத்தாள் கட்டை இழுத்துத் தள்ளி, ஒரு தாளை நார்நாராகக் கிழித்து, மற்றவற்றின்மேல் சுகமாக நித்திரை செய்தது. நமக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. "மார்க்கெட்டில் விட்டுவிடுங்கள், எலி பிடித்துப் பிழைத்துக்கொள்ளும்" என்று அண்டை வீட்டார் யோசனை கூறினார்கள். குட்டியைத் துணிப் பைக்குள் போட்டுக்கொண்டு புறப்பட்டோம்.

பாதி வழியில் பைக்குள்ளிருந்து மெல்லிய குரல் ஒன்று எழுந்தது. பூனைகளை ஆராய்ந்தவர்கள் ஒரு விஷயம் சொல்கிறார்கள். 'மியாவ்' என்பது குட்டி தன் தாயைக் கூப்பிடும் குரலாம். வளர்ந்த பூனைகள் தமக்குள் அநேகமாக அவ்விதம் கூப்பிட்டுக்கொள்வதில்லை. மனிதரிடம் மட்டும் ஆயுள் முழுவதும் அக்குரலை உபயோகிக்கின்றன. தாய்க்கு உரிய குரலால் நம்மை அழைக்கும் ஜீவனை, அது கண்ணாலும் கண்டிராத எலிகளை நம்பி விட்டுவருவதா? திரும்பிவிட்டோம்.

வாசலில் காத்திருந்த வீட்டு எஜமானி, "மார்க்கெட் மூடிவிட்டதோ?" என்று கேட்டாள். "ஆம்" என்றோம். காந்தி மகான் க்ஷமிப்பாராக!

ஆனால் மறுநாள் பள்ளியில் உண்மையைச் சொல்லியே தீரவேண்டியிருந்தது. தாளுக்கு உரிய பையனை அழைத்து, "பூனை கிழித்துவிட்டது" என்றோம். சொல்லும்போதே நாக்குக் குழறிற்று. இந்த இருபது வருஷத்தில் எத்தனை பையன்கள் இதே வார்த்தையை நம்மிடம் சொல்லிவிட்டு, பெஞ்சியின்மேல் ஏறி நின்றிருக்கிறார்கள்! ஒருவனையாவது நாம் நம்பியதுண்டா? இந்தப் பையனோ சிரிக்கவில்லை, சந்தேகிக்கவுமில்லை. "பூனைக்குப் பெயர் வைத்தாயிற்றா, ஸார்?" என்று மட்டும் கேட்டான். அவனுக்கு மறுபரீட்சை நடத்தினோம். நமக்கு அன்று முதற் பரீட்சை.

பெயரும் வைத்தாயிற்று: பூசை. கம்பர் பூனைக்கு இட்டு வழங்கிய சொல் அதுவே. பள்ளிக்கூடங்களில் முன்பெல்லாம் அச்சொல்லுக்கு வேறு அர்த்தம் உண்டென்பது நேயர்களுக்குத் தெரியும். அந்த அர்த்தத்தை இனி மறந்துவிடுவதென்று தீர்மானித்திருக்கிறோம்.

அந்நாளில் பெஞ்சியின்மேல் நின்ற நமது மாணவர்களே! உங்களில் சிலர் உண்மையையே சொல்லியிருப்பீர்கள். உங்கள் வீட்டுப் பூனைகளின் பொருட்டாவது எம்மை மன்னியுங்கள்.