சவரக்கத்தி கையில் இருந்தது

போன வாரம் மயிலாப்பூர் வடக்கு மாடவீதியில், சாப்பாடு கொண்டுபோகும் பையன் ஒருவனின் பைக் ஒரு ஸ்கூட்டரில் லேசாக உரசிவிட்டது. ஸ்கூட்டர்காரர் இறங்கினார், ஓங்கி அறைந்தார். ‘எதுக்கு சார் கை நீட்டறீங்க?’ என்று கேட்டேன். அவர் வாயைத் திறக்கும் முன், பக்கத்தில் நின்ற பெரியவர் எனக்குப் பாடம் எடுத்தார்: ‘அடி உதவற மாதிரி அண்ணன் தம்பி உதவ மாட்டான் சார். அகிம்சையெல்லாம் கையாலாகாதவன் பேச்சு.’

கையாலாகாதவன். அந்தச் சொல்தான் ஒரு வாரமாக என்னை அறுக்கிறது. அந்தப் பெரியவருக்கு வைரப்பனைத் தெரியுமா?

1930 ஏப்ரல் 13. ராஜாஜி சுமார் நூறு தொண்டர்களோடு திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு உப்பு அள்ளக் கிளம்பினார். தொண்டர்களுக்குச் சோறும் இடமும் கொடுத்தால் சிறை என்றார் தஞ்சாவூர் கலெக்டர் தார்ன். ஜனங்கள் சோற்றுப் பொட்டலங்களைச் சாலையோர மரக்கிளைகளில் கட்டித் தொங்கவிட்டார்கள். வேதாரண்யத்தில் சவரத் தொழிலாளர்கள், போலீஸுக்குச் சவரம் செய்வதில்லை என்று முடிவெடுத்தார்கள். ஒருநாள் வைரப்பன் ஒரு ஆளுக்குச் சவரம் செய்துகொண்டிருந்தபோது, அவன் போலீஸ்காரன் என்று பாதியில் தெரிந்தது. கையில் தீட்டிய கத்தி, எதிரே நிமிர்த்திக் காட்டிய கழுத்து. வைரப்பன் கத்தியைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார். மீதியை மழித்துவிடு என்று மிரட்டியும் மழிக்கவில்லை, சிறைக்குப் போனார். இவரா கையாலாகாதவர்?

‘வெள்ளைக்காரன் நல்லவன், அதனால்தான் காந்தியின் வித்தை பலித்தது’ என்பது அடுத்த பாட்டு. கதீட்ரல் சாலையில் இன்று நட்சத்திர ஹோட்டல் நிற்கும் இடத்தில் அன்று ஒரு வீடு இருந்தது. 1919 மார்ச்சில் காந்தி ராஜாஜியின் விருந்தினராக அங்கே தங்கியிருந்தார். ரௌலட் சட்டத்துக்கு எதிராக நாடே கடையடைத்து உபவாசம் இருக்கவேண்டும் என்ற யோசனை அவருக்கு அங்கேதான் விடியற்காலைக் கனவில் உதித்தது. அதைச் சொல்லும் நினைவுக்கல் வாசலில் இருக்கிறது. ஹாரன் அடித்துக்கொண்டே தினமும் அதைக் கடக்கிறோம். ஏப்ரல் 6 அன்று கடைகள் மூடின. ஏழே நாளில், ஏப்ரல் 13 அன்று, அந்த ‘நல்லவன்’ ஜாலியன்வாலா பாக்கில் வெளியேற வழியில்லாத கூட்டத்தைச் சுட்டுத் தள்ளினான். ராஜாஜி திருச்சியிலிருந்து நடக்கத் தொடங்கியதும் அதே தேதியில்தான். எதிரி யாரென்று தெரிந்தேதான் நடந்தார்கள். வைரப்பனும் தெரிந்தேதான் கத்தியைக் கீழே வைத்தார்.

நமக்கு எப்படி இந்தப் புத்தி வந்தது? ‘கண்ணு ரெண்டை மட்டும் விட்டுட்டுத் தோலை உரிச்சுடுங்க சார்’ என்று வாத்தியாரிடம் பிள்ளையை ஒப்படைத்த பரம்பரை நாம். படத்தில் ஹீரோ முப்பது பேரை அந்தரத்தில் பறக்கவிட்டால் விசில் அடிக்கிறோம். போலீஸ் எவனையோ என்கவுன்டரில் சுட்டால், விசாரணை வேண்டாமா என்று கேட்பவனைத் தேசத்துரோகியாகப் பார்க்கிறோம். லாக்கப்பில் நாலு தட்டு தட்டினால் தப்பில்லை என்று வீட்டு ஹாலில் உட்கார்ந்து தீர்ப்பு எழுதினோம். 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் கடை மூடும் நேரத்துக்காகப் பிடித்துப்போன அப்பாவும் மகனும் பிணமாகத்தான் வீடு வந்தார்கள். அந்த நாலு தட்டை யார் எண்ணிக்கொண்டிருந்தார்கள்?

வடக்கு மாடவீதிக்கே வருகிறேன். அன்று உரசியது ஒரு இன்ஸ்பெக்டரின் புல்லட்டாக இருந்திருந்தால் ஸ்கூட்டர்காரரின் கை எழுந்திருக்குமா? பையன் திருப்பி அடிக்க மாட்டான், அடித்தால் அவன் வேலை போய்விடும் என்று அந்தக் கைக்குத் தெரியும். வைரப்பன் கத்தியைக் கீழே வைத்தது லத்தி வைத்திருந்தவன் முன்னால். இவர் கை ஓங்கியது சாம்பார்ப் பொட்டலம் வைத்திருந்தவன் மேல். கையாலாகாதவன் யார் என்று அந்தப் பெரியவரே சொல்லட்டும்.

பையன் ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்திருந்தான். கன்னத்தில் விரல்கள் பதிந்திருந்தன. ஹெல்மெட்டை வண்டிக் கண்ணாடியில் மாட்டிவிட்டு, குனிந்து, பையில் சிந்தியிருந்த சாம்பாரைத் துடைக்க ஆரம்பித்தான். ஸ்கூட்டர்காரரை மன்னிப்புக் கேட்கச் சொன்னேன். கூட்டம் என்னைத்தான் முறைத்தது.