முடிவு வரும் வரை

கழுத்தில் நெறி கட்டினால் நம் வீடுகளில் யாரும் உடனே கலங்குவதில்லை. தொண்டைப் புண் என்பார்கள், பல்வலி என்பார்கள், பற்றுப் போடுவார்கள். அநேகமாக அது தானே அடங்கியும் விடும். அடங்காமல் வாரக்கணக்கில் வளர்ந்தால்தான், வைத்தியர் கட்டியை அறுத்தெடுத்துப் பரிசோதனைக்கு அனுப்புகிறார். பயாப்ஸி என்று பெயர். 'லிம்போமா' என்னும் நிணநீர்ப் புற்றாக இருக்கலாம் என்ற சந்தேகம் அன்றுதான் குடும்பத்தார் காதில் விழுகிறது. அன்று முதல் முடிவு கைக்கு வரும் வரை அந்த வீட்டார் படும் பாட்டை எந்த ஆஸ்பத்திரியின் கணக்கிலும் எழுதுவதில்லை. அதைப் பற்றியே நாம் இன்று எழுதுகிறோம்.

தாமதம் முழுவதும் அசிரத்தையால் நேர்வது என்று நாம் குற்றஞ் சாட்டவில்லை. அறுத்தெடுத்த சதை பல மணி நேரம் ஃபார்மலினில் ஊற வேண்டும். பிறகு அதிலுள்ள நீரை அகற்றி, மெழுகில் பதித்து, ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் மூன்று நான்கு பங்கு கனமுள்ள துண்டுகளாகச் சீவி, சாயமேற்றி, பூதக்கண்ணாடியில் வைத்துப் பார்க்க வேண்டும். லிம்போமா விஷயத்தில் இதுவும் போதாது. அதில் பல டஜன் வகைகள் உண்டு. ஒன்றுக்குரிய மருந்து மற்றொன்றுக்கு உதவாது. ஆகையால் எந்த வகை அணுவிலிருந்து நோய் கிளம்பியது என்றறிய, இம்யூனோஹிஸ்டோகெமிஸ்ட்ரி என்ற தனிச் சாயப் பரீக்ஷையும் செய்கிறார்கள். இதற்கெல்லாம் ஒரு வாரமோ இரண்டு வாரமோ ஆவது நியாயமே. அவசரப்பட்டு வியாதிக்குத் தவறான பெயரிடுவதை எந்த நோயாளியும் விரும்பமாட்டார்.

தவறான பெயரிடுவது இந்த வியாதியின் சரித்திரத்திலேயே உண்டு. 1832-ம் வருஷம் லண்டனில் தாமஸ் ஹாட்ஜ்கின் என்ற வைத்தியர், நிணக்கணுக்களும் மண்ணீரலும் வீங்கி இறந்தவர்களைப் பற்றி எழுதினார். 1898-ல் வியன்னாவில் ஸ்டெர்ன்பெர்க் என்பவர் அவ்வியாதிக்குரிய பெரிய அணுக்களை விவரித்தார்; ஆயினும் அதை க்ஷயரோகத்தின் ஒரு விசித்திர வடிவமென்றே எண்ணினார். அது க்ஷயமன்று, வேறு நோய் என்று 1902-ல் அமெரிக்காவில் எடுத்துக் காட்டியவர் டாரதி ரீட் என்ற பெண் வைத்தியர். நூறு வருஷங்களுக்கு மேலாகியும் அந்தப் பழைய மயக்கம் நம் தேசத்தில் தீரவில்லை. இங்கே க்ஷயம் மிகுதி. மாலை ஜுரம், இரவு வியர்வை, உடல் மெலிவு ஆகியவை இரண்டு நோய்களிலும் காணும். ஆகவே கட்டியை முழுதாக எடுத்துப் பாராமல், ஊசியால் சிறிது உறிஞ்சிப் பார்த்தோ பாராமலோ, க்ஷயத்துக்கு மருந்து தொடங்கி மாதங்களைக் கழிப்பதுண்டு. சிலர் ஸ்டீராய்டு கொடுத்து விடுகிறார்கள். கட்டி சுருங்குகிறது, நோயாளி சந்தோஷப்படுகிறார், பின்னர் எடுக்கும் பயாப்ஸியில் நோய் சரியாகப் புலப்படாமல் போகிறது. காத்திருப்பின் முதற்பகுதி இவ்விதம் நோயாளி அறியாமலே கழிந்து விடுகிறது.

மறுபகுதியை அவர் நன்றாக அறிவார். சதைத் துண்டு அடங்கிய புட்டியை வேறு கட்டிடத்துக்கு எடுத்துச் செல்லச் சிப்பந்தி இல்லை. நோயாளியின் மகனே சுமந்து போகிறான். சாயப் பரீக்ஷைக்கு மெழுகுக் கட்டியை வெளியூர் அனுப்ப வேண்டும். பணம் கட்டச் சொல்வதற்கே நான்கு நாட்கள் ஆகின்றன. முடிவு வந்த பின்பும், கையெழுத்திட வேண்டியவர் ரஜா. கிராமத்திலிருந்து கூலியை இழந்து பஸ் ஏறி வந்தவரிடம் ஜன்னலுக்கு உள்ளேயிருந்து 'நாளைக்கு வாங்க' என்கிறார்கள். கடைசியில் உறையிலிட்டுக் கொடுக்கும் காகிதம் ஆங்கிலத்தில் இருக்கிறது. பள்ளியில் படிக்கும் பெண்ணை அழைத்து வாசிக்கச் சொல்கிறார் தகப்பனார். அந்தக் குழந்தை எழுத்துக் கூட்டிப் படிக்கும் வார்த்தை எத்தகையது என்று அந்த ஜன்னலில் இருப்பவர் யோசித்ததுண்டா?

ஹாட்ஜ்கின் லிம்போமா இன்று பெரும்பாலோருக்குக் குணமாகக் கூடியது. வேறு பல வகைகளுக்கும் நல்ல சிகிச்சை உண்டு. காத்திருக்கும் நாட்களில் இதை எடுத்துச் சொல்ல ஒருவருக்கு ஐந்து நிமிஷம் போதும். சொல்வாரில்லாமையால், புற்று என்றாலே மரணம் என்று நம்பி, வயலை விற்கலாமா, மகள் கல்யாணத்தை முன்னதாக முடிக்கலாமா என்று வீடு பேசத் தொடங்குகிறது. நோயாளியிடம் மறைத்துவிட்டு உறவினர் மட்டும் பேசிக்கொள்ளும் வழக்கத்தையும் நாம் ஆதரிக்கவில்லை. கழுத்தில் தையலோடு உட்கார்ந்திருப்பவருக்கு ஒன்றும் தெரியாது என்று நினைப்பது பேதைமை.

புற்றுச் சந்தேகத்தின் பேரில் அவசரமாக அனுப்பப்படும் நோயாளிக்கு, உண்டு அல்லது இல்லை என்பதை 28 நாட்களுக்குள் சொல்லிவிட வேண்டுமென்று இங்கிலாந்தில் 2021-ல் விதித்தார்கள். அவர்கள் தவறாமல் நடத்துகிறார்கள் என்பதல்ல நம் வாதம். தவறினால் தவறியதாகக் கணக்கு இருக்கிறது. நம் தேசிய மனித உரிமைக் கமிஷனும் 2018-ல் நோயாளிகளின் உரிமைகளைத் தொகுத்தபோது, தகவலும் பரிசோதனை அறிக்கைகளும் பெறுவதை உரிமைகளாகவே சேர்த்தது. அதை ஆஸ்பத்திரிச் சுவரில் ஒட்டினால் மட்டும் போதாது.

சதை எடுத்த அன்றே ஒரு சீட்டுக் கொடுக்கட்டும். முடிவு எதிர்பார்க்கும் தேதி, விசாரிக்க வேண்டிய டெலிபோன் எண், சந்திக்க வேண்டிய வைத்தியரின் பெயர் ஆகியவை அதில் தமிழில் இருக்கட்டும். மேற்கொண்டு சாயப் பரீக்ஷை வேண்டுமென்று தெரிந்தால் அன்றைக்கே தெரிவித்து, புதுத் தேதியும் சொல்லட்டும். முடிவை ஜன்னல் வழியே நீட்டாமல், வைத்தியர் நோயாளியை உட்காரவைத்துச் சொல்லட்டும். மெழுகுக் கட்டியை வெளியூர் அனுப்புவது சர்க்கார் ஆஸ்பத்திரிகளின் சொந்தப் பொறுப்பாக வேண்டும். கடைசியாகச் சொன்னதற்குத்தான் கொஞ்சம் பணம் வேண்டும். மற்றவற்றுக்குச் சட்டசபை கூட வேண்டியதில்லை; ஆஸ்பத்திரித் தலைவர் தம் கையெழுத்துடன் நாளைக்கே உத்தரவிடலாம்.