500 ரூபாய்க்கு விற்றால் 500 ரூபாய் வராது

மக்களே, இன்று கொஞ்சம் கணக்கு. பயப்பட வேண்டாம், எட்டாம் வகுப்புக் கணக்குதான் :-)

ஓசூர் சிப்காட் பக்கம் என் மாமா பைக் சீட் கவர் தைத்து விற்கிறார். போன வருஷம் இணையத்திலும் போட ஆரம்பித்தார். கவர் ஒன்றுக்குக் கையில் 500 ரூபாய் நிற்கவேண்டும். தளத்தின் கமிஷன் 15 சதவீதம், அந்தக் கமிஷன் மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி. ஆக மொத்தம் 17.7. மாமா 500-க்கு 88.50 கூட்டி 588.50 என்று விலை போட்டார். வந்தது 484.34. எவனோ ஏமாற்றிவிட்டான் என்று ஒரு வாரம் ஒரே திட்டு.

யாரும் ஏமாற்றவில்லை. கமிஷன் 500-க்கு இல்லை, 588.50-க்கு. கூட்டக்கூடாது, வகுக்கவேண்டும். 500-ஐ 0.823-ஆல் வகுத்தால் 607.53. அதுதான் போடவேண்டிய விலை. ஜிஎஸ்டி பதிவு உள்ளவர் அந்த 18 சதவீதத்தைக் கழித்துக்கொள்ளலாம். மாமா மாதிரி பதிவு இல்லாதவருக்குப் போனது போனதுதான்.

கூரியர் செலவின் மேலும் கமிஷன் எடுக்கும் தளங்கள் உண்டு. அமெரிக்காவில் ஈபே இதை 2011-ல் கொண்டுவந்தது. பொருளை ஒரு சென்ட்டுக்குப் போட்டு, மீதியைத் தபால் செலவு என்று வாங்கிய கில்லாடிகளின் புண்ணியம்! நம் ஊரில் பாஸி.காம் 2000-ல் வந்தது, 2004-ல் அதை ஈபே வாங்கியது, 2018-ல் ஈபே இந்தியா கடையை மூடியது. அங்கேயும் விற்றால் ஒரு கட்டணம், பைசாபே வழியாகப் பணம் வந்தால் இன்னொன்று. பொருள் போய்ச் சேரும்வரை பணத்தைப் பிடித்துவைத்து இரண்டு பக்கமும் காப்பாற்றுவதற்குக் கூலி கேட்பது நியாயம்தான். ஆனால் "உன் கைக்கு இவ்வளவு வரும்" என்று விலை போடும்போதே ஒரு வரி காட்டினால் என்ன குறைந்துவிடும்? எல்லாத் தளத்துக்கும் அதைக் கட்டாயமாக்கவேண்டும் என்பது என் கட்சி.

இதைவிடக் கடுப்பேற்றுவது எல்லை. ஆண்டு விற்பனை 40 லட்சத்துக்குள் இருக்கும் சிறு வியாபாரி ஜிஎஸ்டி பதிவு இல்லாமலே, ஒரு சேர்க்கை எண்ணோடு இத்தளங்களில் விற்கலாம் என்று 2023 அக்டோபர் 1 முதல் விதி வந்தது. நல்ல விஷயம். ஆனால் சொந்த மாநிலத்துக்குள் மட்டும். மாமா சுமார் 600 கிலோமீட்டர் தள்ளி கன்னியாகுமரிக்கு அனுப்பலாம், பத்து கிலோமீட்டருக்குள் இருக்கும் அத்திப்பள்ளிக்கு அனுப்பக்கூடாது. பெங்களூரை நம்பிப் பிழைக்கும் ஊரில் இது என்ன கணக்கு? விதி எழுதியவர் ஒருமுறை ஜூஜூவாடியில் வந்து நின்று பார்த்திருக்கலாம்.

போன ஞாயிறு அத்திப்பள்ளியிலிருந்து ஒருவர் பஸ் ஏறி வந்து கடையிலேயே கவர் வாங்கினார். க்யூஆரை ஸ்கேன் செய்தார். 2020 ஜனவரியிலிருந்து யுபிஐ-க்குக் கடைக்காரரிடம் எம்டிஆர் கட்டணம் கிடையாது. மாமா கணக்கில் முழுசாக 500 விழுந்தது.