நிற்க வைத்துவிட்டு ‘நம் குடும்பம்’ என்பதோ?

தமிழில் இருத்தல் என்னும் சொல்லுக்குப் பொருள் இரண்டு. உளதாதல் ஒன்று, அமர்தல் மற்றொன்று. நிற்றல், இருத்தல், கிடத்தல் என்று உடலின் நிலைகளை எண்ணிய நம் மொழி, அவற்றுள் நடுவணதாகிய அமர்தலையும் உளதாதலையும் ஒரே சொல்லால் குறிக்கின்றது. வீட்டுக்கு வந்தவரை ‘இருங்கள்’ என்று சொல்லும்போது, அமரவும் சொல்கின்றோம். ‘இவ்விடம் நுமக்கும் உரியது’ என்றும் உணர்த்துகின்றோம். இவ்விரண்டு பொருளையும் ஒருங்கே பறித்துக்கொண்ட இடம் ஒன்று காட்டுக என்றால், நம் பெருநகரங்களின் துணிக்கடையைக் காட்டலாம்.

சென்னைத் தியாகராயர் நகரிலும், மதுரை விளக்குத்தூண் பகுதியிலும், கோவை ஒப்பணக்கார வீதியிலும் விற்பனைக்கு நிற்கும் பெண்களை அறியாதார் இலர். விற்பனைக்கு ‘நிற்கும்’ என்பதே அவர்தம் தொழிலுக்கு வழங்கும் பெயராயிற்று! காலையில் கதவு திறந்தது முதல் இரவில் அது மூடப்படும் வரை அவர்கட்கு நிலை ஒன்றே. வாங்குவார் எவரும் இல்லாத நண்பகற் பொழுதிலும் அமர்தல் ஆகாது. சுவரிற் சாய்ந்தாலும் மேற்பார்வையாளரின் குரல் எழும். சில கடைகளில் ஊதியத்திற் பிடித்தமும் உண்டு. கால் வீங்கும், கணுக்கால் கடுக்கும், ஆண்டுகள் செல்லச் செல்லக் காலின் குருதிக் குழாய்கள் புடைத்துச் சுருளும். மாத விலக்கு நாளும் கருவுற்ற திங்களும் இக்கணக்கில் வாரா. இவ்வளவும் செய்துவிட்டு, ஆண்டு விழா மேடையில் ஏறி, ‘நாம் அனைவரும் ஒரே குடும்பம்’ என்று முழங்குகின்றனர் முதலாளிமார். பெற்ற மகளைப் பகல் முழுதும் நிற்க வைத்து, அவள் சற்றே அமர்ந்ததற்குத் தண்டம் பிடிக்கும் தந்தை எந்தக் குடும்பத்தில் உளன்?

இஃது இன்று நேற்று எழுந்த வழக்கன்று. நின்று பணிசெய்வார்க்கு அமர வசதி செய்தல் வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டமே தன் 44-ஆம் பிரிவில் கூறியது. ஆனால் அச்சட்டம் ஆலைக்கு உரியதாய் இருந்தது, கடைக்கு அன்று. ஆலைத் தொழிலாளியின் காலுக்கு உள்ள நோவு கடைப்பெண்ணின் காலுக்கு இல்லை போலும்!

அந்த இடைவெளியை முதலில் உடைத்தவர்கள் கோழிக்கோட்டு மகளிர். மிட்டாய்த் தெருக் கடைகளில் பணிசெய்த பெண்கட்குக் கழிப்பறையும் இல்லாதிருந்தது. தண்ணீர் குடித்தால் வெளியே செல்ல நேருமென்று தாகத்தையும் அடக்கினர். தையற்றொழிலாளியாகிய விசி என்பார் முன்னின்று ‘பெண்கூட்டு’ என்னும் அமைப்பைக் கட்டினார். கழிப்பறைக்காகத் தொடங்கிய அப்போர் இருக்கைக்காக வளர்ந்து, 2018-இல் கேரள அரசு தன் கடைகள் சட்டத்தைத் திருத்தும் நிலையை உண்டாக்கிற்று. அமைச்சர் எவரும் கனிந்து ஈந்ததன்று அது. தெருவில் நின்று பெற்றது. அமர்தற்கும் நின்றே போராட வேண்டியிருந்தது.

தமிழ்நாட்டிலோ 2019-இல் அரசின் தொழிலாளர் ஆலோசனைக் குழு இதனை ஒருமனதாக ஏற்றது. 2021 செப்டம்பரில் சட்டமன்றம் 1947-ஆம் ஆண்டின் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் 22-அ என்னும் பிரிவைச் சேர்த்தது. பணியாளர் அனைவர்க்கும் தக்க இருக்கை வேண்டும். பணியினூடே அமர வாய்ப்பு நேருந்தோறும் அவர்கள் அமர்தல் வேண்டும் என்பது அதன் கருத்து. ‘அனைவர்க்கும்’ என்னும் சொல்லைக் கருதுக. பதின்மர்க்கு ஒரு முக்காலியைத் துணிக்கட்டின் பின்னே மறைத்து வைப்பது அச்சட்டத்திற்குப் பணிதல் ஆகாது. இன்னொரு சூழ்ச்சியும் உண்டு: நாற்காலி இருக்கும், ஒருத்தி அதில் அமர்ந்தால், அடுக்கிய புடவையையே கலைத்து மீண்டும் அடுக்கச் சொல்வர். நாற்காலியைக் காணலாம், அமர்ந்தவளைக் காணமுடியாது.

‘வாங்க வருவார் முன் பணியாளர் அமர்ந்திருப்பது மதிப்புக்குறைவு’ என்பது கடைக்காரர் கூறும் கரணியம். அற்றேல், கல்லாப் பெட்டியின் முன் அவர் அமர்ந்தே பணம் வாங்குகின்றாரே, அது யாருக்கு மதிப்புக்குறைவு? பட்டுப்புடவைப் பகுதியில் மெத்தைமேல் அமர்ந்து விரித்துக் காட்டுகின்றனரே, அதனால் பட்டு விலைபோகாது ஒழிந்ததா? வாங்குவோர் வந்ததும் எழுவதை எவரும் மறுக்கவில்லை. வாராத பொழுதும் நிற்கச் சொல்வதையே கேட்கின்றோம். இங்கே காக்கப்படுவது வாங்குவோர் மதிப்பன்று, முதலாளியின் மேனிலை.

அமர்தலை மேனிலையின் அடையாளமாக்கிய நோய் கடையோடு நிற்கவில்லை. கடலூர் மாவட்டத் தெற்குத்திட்டை ஊராட்சியில், மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த தாழ்த்தப்பட்ட வகுப்புத் தலைவியைத் தரையில் அமர்த்தி, ஏனையோர் நாற்காலியில் அமர்ந்து கூட்டம் நடத்திய நிழற்படம் 2020-இல் வெளிவந்து நாட்டையே நாணச் செய்தது. அவர் வேலை பார்த்த அலுவலகம் அது. அதன் அன்றைய தலைவரும் அவரே. பதவி கொடுத்தார்கள், இருக்கை கொடுக்கவில்லை. கடையில் பணத்தின் பெயரால் நடப்பது அங்கே சாதியின் பெயரால் நடந்தது.

நின்றேதான் ஆகவேண்டும் என்னும் நெறி, உள்ளே இருப்பாரை வருத்துவதோடு அமையாது. பலரை வாயிலிலேயே தடுத்துவிடுகின்றது. காலில் குறையுடையார், கருவுற்றார், ஐம்பது கடந்தார் ஆகியோர்க்குத் துணி அளக்கத் தெரியாதா, விலை சொல்லத் தெரியாதா? எல்லாம் தெரியும், பத்து மணிநேரம் நிற்க இயலாது, அவ்வளவே. மாற்றுத்திறனாளர் உரிமைக்கு 2016-இல் தனிச்சட்டமே வந்தது. அரசுப் பணியில் நூற்றுக்கு நான்கு இடம் அவர்க்கு ஒதுக்கப்பட்டது. கடைத்தெருவில் அவர்க்குக் கதவு திறக்க ஒரு முக்காலி போதும். அதனையும் மறுப்பவர், ‘எல்லாரையும் அரவணைக்கின்றோம்’ என்று பலகை எழுதித் தொங்கவிடுவது எற்றுக்கு?

களைத்து வந்த புலவர் மோசிகீரனார், அறியாது முரசுகட்டிலில் ஏறி உறங்கிவிட்டார். அது வாளால் வெட்டத்தக்க பிழை. சேரமான் பெருஞ்சேரல் இரும்பொறையோ வாளை விடுத்துக் கவரியை எடுத்து, அவர் எழுமட்டும் வீசி நின்றான். இதனைப் புறநானூறு காட்டுகின்றது. களைத்தவன் படுக்க அரசுரிமைக் கட்டிலையே விட்டுக்கொடுத்த நாட்டில், களைத்தவள் அமர ஒரு பலகையை விட்டுக்கொடுக்க மனமில்லாத கடைக்குத் தமிழ்ப்பெயர் வைத்தென்ன, வள்ளுவர் படம் மாட்டியென்ன!

பொங்கலுக்குத் துணி எடுக்கச் செல்லும் தமிழர் விலையைக் கேட்குமுன் ஒன்று கேட்கட்டும்: ‘அம்மா, உனக்கு இருக்கை எங்கே?’ அவளிடமன்று; அவள் வாய்திறந்தால் வேலை போகும். கல்லாவில் அமர்ந்திருப்பவரிடம், அவர் முகத்தை நோக்கி, ‘இவர்கட்கு இருக்கை எங்கே?’ என்று கேட்கட்டும். விடை வாராவிடின் எடுத்த துணியை மேசைமேல் வைத்துவிட்டு வெளியேறட்டும். கடையின் பெயரையும் தெருவையும் எழுதி, அன்றே தொழிலாளர் துறை ஆய்வாளர்க்கு ஓர் அஞ்சல் விடுக்கட்டும்.