முழங்கால் ரண சிகிச்சையும் முருகன் பிரார்த்தனையும்

நமது அரக்கோணம் ஜங்ஷனில் மேம்பாலப் படிக்கட்டருகே ஒரு அரைமணி நேரம் நின்று பார்க்கிறவர்களுக்கு ஒரு சங்கதி நன்றாய் விளங்கும். ஐம்பது, அறுபது வயதான ஸ்திரீகளில் பலர் கைப்பிடியைப் பிடித்துத் தொங்கிக் கொண்டு, படிக்கு ஒரு தரம் நின்று, முகத்தைச் சுளித்துக் கொண்டுதான் ஏறுகிறார்கள். "ஏனம்மா, வைத்தியம் பார்க்கவில்லையா?" என்று கேட்டால், "எல்லாம் தலையெழுத்து; திருத்தணி முருகனுக்கு வேண்டிக்கிட்டு இருக்கேன்" என்பார்கள். என்ன வேண்டுதல் என்றால், முழங்கால் நோவு தீருவதற்காக, அந்த நோவுள்ள முழங்காலோடேயே மலையின் 365 படியையும் ஏறுவதாம்! நோயை வளர்ப்பதையே நோய்க்கு மருந்தாகச் சொல்லும் வைத்தியம் உலகத்தில் இது ஒன்றாகத்தான் இருக்கும்.

முழங்கால் தேய்வது தலையெழுத்தல்ல. எலும்போடு எலும்பு உராயாமல் நடுவில் இருக்கும் குருத்தெலும்பு வயதாலும், உடல் பாரத்தாலும், பழைய அடிகளாலும், வருஷக்கணக்காய்க் குந்தி வேலை செய்வதாலும் தேய்ந்து போகிறது. தேய்ந்த இடத்தைச் செதுக்கி எடுத்துவிட்டு உலோகமும், நடுவில் உறுதியான பிளாஸ்டிக்கும் வைத்துவிடலாம் என்று மனிதன் கண்டுபிடித்திருக்கிறான். 1890இல் பெர்லின் நகரத்து டாக்டர் குளுக் என்பவர் யானைத் தந்தத்தில் மூட்டு செய்து வைத்துப் பார்த்தார், அது நிலைக்கவில்லை. நிலைக்கவில்லையே என்று எவரும் தேங்காய் உடைக்கப் போகவில்லை. ஏன் நிலைக்கவில்லை என்று கேட்டார்கள். கேட்டுக் கேட்டுத்தான் 1974இல் நியூயார்க்கில் டாக்டர் இன்சாலும், நம் நாட்டில் பிறந்த டாக்டர் ரணாவத்தும் சேர்ந்த கூட்டத்தார், இன்றைய மூட்டுகளுக்கெல்லாம் முன்மாதிரியான மூட்டைப் பொருத்தினார்கள். இப்போது வைக்கும் மூட்டுகளில் பத்துக்கு எட்டு, 25 வருஷம் வரை உழைப்பதாக 2019இல் கணக்கெடுத்துச் சொல்லியிருக்கிறார்கள்.

பிரதம மந்திரியாயிருந்த வாஜ்பாய் அவர்கள் 2000 அக்டோபரில் இடது முழங்காலுக்கும், 2001 ஜூனில் வலது முழங்காலுக்கும் பம்பாய் பிரீச் கேண்டி ஆஸ்பத்திரியில் அதே ரணாவத்தின் கையால்தான் சிகிச்சை செய்து கொண்டார். அடுத்த ஜூலையில் ஆக்ராவில் பாகிஸ்தான் ஜனாதிபதியோடு மாநாடும் நடத்தினார். கோயிலும் தீர்த்தமும் பேசும் கட்சியின் பெருந்தலைவருக்கே முழங்கால் நொந்தால் கத்திதான் உதவுகிறதென்றால், அரக்கோணத்து ஏழைக்கு மட்டும் காவடி எதற்கு?

பணக்காரர் சங்கதி என்று சொல்லவும் இனி இடமில்லை. சுமார் ஒன்றரை லட்ச ரூபாய்க்கு விற்ற சாதாரண மூட்டின் விலையை 2017 ஆகஸ்டில் இந்திய சர்க்கார் 54,720 ரூபாய்க்கு மேல் போகக்கூடாதென்று கட்டுப்படுத்தியது. நமது மாகாணத்தில் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்திலும் இந்தச் சிகிச்சை நடக்கிறது.

நிற்க. ஆபரேஷன் ஆனதும் காரியம் முடிந்துவிட்டதாக நினைப்பதுதான் நமது ஜனங்களின் இரண்டாவது மூடத்தனம். டாக்டர் செய்வது பாதி. மீதிப் பாதியை நோயாளியும் வீட்டாரும் செய்யவேண்டும். அந்தப் பாதிதான் நம் வீடுகளில் பாழாகிறது.

எனது தாயாருக்கு 66ஆம் வயதில் இந்தச் சிகிச்சை நடந்தது. பக்கத்துக் கட்டிலில் இருந்த அம்மாளுக்கும் அதே டாக்டர், அதே மூட்டு. மறுநாளே இருவரையும் நடைச்சட்டத்தைப் பிடித்துக் கொண்டு நிற்க வைத்தார்கள். வீட்டுக்கு வந்த பிறகுதான் வித்தியாசம். அந்த அம்மாளை உறவினர்கள் ஒரு மண்டலம் படுக்கையை விட்டு இறங்கவிடவில்லை. முழங்காலுக்கடியில் தலையணை வைத்தார்கள். பருப்பும் முட்டையும் மீனும் சீழ் பிடிக்க வைக்கும் என்று ரசஞ்சோற்றிலேயே நிறுத்தினார்கள். எல்லாம் அன்பினால்தான், ஆனால் அறிவில்லாத அன்பு. மூன்று மாதத்தில் கால் நீளவுமில்லை, மடங்கவுமில்லை. மறுபடியும் ஆஸ்பத்திரிக்குப் போய், மயக்கம் கொடுத்து மடக்கிவிட வேண்டியதாயிற்று. "அவள் நேரம்" என்றார்கள். நேரம் என்ன செய்யும்? தலையணை செய்ததை நேரத்தின் மேல் போடுவானேன்?

என் தாயாரிடமும் இந்த உபதேசங்கள் வந்தன. நாம் டாக்டர் சொன்னதையே பிடித்துக் கொண்டோம். வாசகர்களுக்கு உபயோகப்படும் என்று அதைச் சொல்கிறேன்.

முதல் நாள் முதற்கொண்டே பாதத்தை மேலும் கீழும் அசைக்க வேண்டும். இல்லாவிட்டால் கெண்டைக்கால் இரத்தம் உறைந்துபோகக் கூடும். தலையணையை முழங்காலுக்கடியில் வைக்காமல், குதிகாலுக்கடியில் துணியைச் சுருட்டி வைத்துத் தொடையை இறுக்கி, காலை நேராக்கப் பழக வேண்டும். தினம் மூன்று வேளை, வலி மாத்திரை வேலை செய்யும் நேரம் பார்த்து, காலை மடக்க வேண்டும். இரண்டு வாரத்தில் நாற்காலியில் உட்காரும் அளவுக்காவது மடங்க வேண்டும். வீக்கத்துக்குத் துணியில் சுற்றிய பனிக்கட்டி போதும். எண்ணெய் போட்டு உருவிவிடுகிறேன் என்று வருபவரை வாசலோடு அனுப்பிவிட வேண்டும். தடியை ஆபரேஷன் செய்யாத பக்கத்துக் கையில் பிடிக்க வேண்டும். படி ஏறும்போது நல்ல கால் முதலில். இறங்கும்போது அறுத்த கால் முதலில். பருப்பும் முட்டையும் மீனும் சதையை வளர்ப்பவை, தள்ளாதீர்கள். சர்க்கரை நோயை அடக்கி வையுங்கள். பீடி, சுருட்டு புண்ணை ஆறவிடாது. தரையில் குந்தும் கக்கூசுக்குப் பதில் உட்காரும் கக்கூசு வேண்டும். கெண்டைக்கால் வீங்கி வலித்தாலோ, மூச்சு வாங்கினாலோ, ஜுரமோ சீழோ கண்டாலோ விபூதி பூசிக் காத்திராமல் அன்றே ஆஸ்பத்திரிக்கு ஓடவேண்டும். தழும்பருகே மரத்திருப்பதும், மூட்டு சில மாதம் சூடாயிருப்பதும் சகஜம். முழுப்பலன் தெரிய ஒரு வருஷமாகும்.

இதில் பெண்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதிருக்கிறது. ஆண்பிள்ளைக்கு ஆபரேஷன் ஆனால் வீடே அவனைச் சுற்றி நிற்கிறது. பெண்பிள்ளைக்கு ஆனாலோ, பயிற்சிக்கு எழுந்தால் "ஓய்வெடு" என்கிறார்கள். அடுப்புக்கு எழுந்தால் ஒருவரும் தடுப்பதில்லை! ஊரார் அறிய உபதேசம் செய்யும் இதை எழுதுபவனே முதல் வாரத்தில் "அம்மா, காப்பி" என்று படுக்கையறைப் பக்கம் குரல் கொடுத்தவன்தான். வெட்கத்தோடுதான் எழுதுகிறேன். அன்று முதல் அடுப்பை நான் பார்த்தேன். அவள் காலைப் பார்த்துக் கொண்டாள். எட்டு வாரம் மகன்மார் சோறாக்கினால் எந்த சாஸ்திரமும் மூழ்கிவிடாது, மூழ்கினால் மூழ்கட்டும்.

பத்து மாதம் கழித்து, டாக்டரைக் கேட்டுக்கொண்டு, என் தாயார் திருத்தணிக்குப் போக வேண்டும் என்றாள். நான் தடுக்கவில்லை; கால் அவளுடையது. கூடவே போனேன். நல்ல கால் முதலில் வைத்து, இருபது படிக்கு ஒரு தரம் உட்கார்ந்து, 365 படியையும் ஏறினாள். உச்சியில், "முருகன் ஏத்திட்டான்டா" என்றாள். "அம்மா, பத்து மாசமா தினம் மூணு வேளை பல்லைக் கடிச்சுக்கிட்டு காலை மடக்கினது யாரு?" என்றேன். சற்று நேரம் பேசாமலிருந்தாள். "நான்தான்" என்றாள்.

தோழர்களே! அந்த ஒரு வார்த்தைதான் நமக்கு வேண்டியது. உங்கள் வீட்டுத் தாய்மார்களின் முழங்காலைப் பாருங்கள். வேண்டுதலுக்கு ஒதுக்கிய பணத்தை வைத்தியத்துக்கு ஒதுக்குங்கள். சிகிச்சை ஆனபின் அவர்களுக்கு நேரத்தையும், நல்ல ஆகாரத்தையும், அடுப்பிலிருந்து விடுதலையையும் கொடுங்கள். மற்றதை அவர்களே நடந்து காட்டுவார்கள்.