கார்புரேட்டரும் தமிழ் வினைச்சொற்களும்

"பட்டறைத் தமிழில் ஆய்வதற்கு என்ன இருக்கிறது? ஆங்கிலப் பெயர்களோடு தமிழ் விகுதியை ஒட்டிய கலப்புமொழிதானே அது?" அண்மையில் ஒரு கருத்தரங்கின் தேநீர் இடைவேளையில் மூத்த பேராசிரியர் ஒருவர் இப்படிக் கேட்டார். அங்கே சொல்ல வாய்க்காத விடையை இங்கே எழுதுகிறேன். பழைய மோட்டார் சைக்கிளின் கார்புரேட்டரை வீட்டிலேயே கழற்றித் துடைக்கும் வேலையைச் சான்றாக எடுத்துக்கொள்கிறேன்.

பாலக்காடு மாவட்டத்தின் கொழிஞ்சாம்பாறைப் பகுதி, தமிழும் மலையாளமும் ஒரே முற்றத்தில் புழங்கும் எல்லை நிலம். அங்கே என் பெரியப்பாவிடம் ஓர் ஆர்எக்ஸ் 100 இருக்கிறது. இந்தியாவில் 1985 முதல் 1996 வரை தயாரிக்கப்பட்ட வண்டி அது. சில மாதங்களுக்கு ஒருமுறை, ஞாயிறு காலையில், எவர்சில்வர் தட்டு ஒன்றை முற்றத்தில் வைத்துக்கொண்டு உட்காருவார். பெட்ரோல் வரத்தை அடைத்து, கார்புரேட்டரின் அடிக்கிண்ணத்தைக் கழற்றுவார். மிதவை, ஊசி, மெயின் ஜெட், ஸ்லோ ஜெட் எல்லாம் கழற்றிய வரிசையிலேயே தட்டில் அமரும். ஏர் ஸ்க்ரூவைக் கழற்றும் முன் அதை மெல்ல உள்ளே இறுக்கி, எத்தனை சுற்றுப் போகிறது என்று எண்ணிக்கொள்வார். திரும்பப் பூட்டும்போது அதே கணக்கு. ஜெட்டின் துளை மில்லிமீட்டர் அளவுகூட இராது. கம்பியால் குத்தினால் பித்தளை தேய்ந்து துளை பெரிதாகும். பிறகு கலவை ஒருபோதும் சரிவராது. ஆகவே சைக்கிள் பம்பினால் காற்றடித்தே அடைப்பை நீக்குவார்.

உறுப்புகளின் பெயர்கள் பெரும்பாலும் ஆங்கிலம்தான். பேராசிரியர் கேட்டது அந்தப் பெயர்களை மட்டும். ஆனால் கார்புரேட்டரைக் கழற்றலாமா, கழற்றினால் எதைப் பார்ப்பது என்ற முடிவு அதற்கு முன்பே எடுக்கப்பட்டுவிடுகிறது. அந்த முடிவு நிகழ்வது வினைச்சொற்களில். 'ஸ்லோவுல நிக்கல' என்றால் ஸ்லோ ஜெட்டைப் பார்க்க வேண்டும். 'வழியுது' என்றால் ஊசி சரியாக அமரவில்லை, அல்லது மிதவை பழுது. முழுக்க முறுக்கும்போது 'அடங்குது' என்றால் மெயின் ஜெட்டின் மேல் ஐயம். 'குடிக்குது' என்றால் பெட்ரோல் மிகுதியாக இறங்குகிறது. நிற்றல், வழிதல், அடங்கல், குடித்தல்: நான்கு வினைகளும் நான்கு நோயறிதல்கள். இவற்றுள் ஒன்றுகூட இரவல் சொல் அன்று.

எல்லைப் பகுதிக்கே உரிய ஒரு வினையும் உண்டு. எங்கள் ஊரில் சிலர் 'வண்டி வலிக்கல' என்பார்கள். சென்னையிலிருந்து வருபவர் இதைக் கேட்டால், வண்டிக்கு ஏது வலி என்று திகைப்பார். மலையாளத்தில் 'வலிக்குக' என்றால் இழுத்தல். வண்டிக்கு இழுவை இல்லை என்பதே பொருள். இதை மலையாளக் கலப்பு என்று ஒதுக்கிவிடுவது எளிது. ஆனால் தமிழிலும் வலித்தலுக்கு இழுத்தல் என்ற பொருள் உண்டு. துடுப்பு வலித்தல் என்று இன்றும் எழுதுகிறோம். அண்டை மொழியின் துணையால் ஒரு பழைய பொருள் பட்டறையில் உயிரோடிருக்கிறது. இதை ஆய்வுப் பொருள் அன்று என்று எப்படிச் சொல்வது?

வினையைக் கவனமாகக் கேட்காவிட்டால் தொழில்நுட்பமும் பிழைபடும். மூணாற்றில் இருக்கும் எங்கள் உறவினர் ஒருவர், பொள்ளாச்சி, உடுமலை, சின்னாறு, மறையூர் வழியாகத் தம் வண்டியில் ஊருக்கு வந்துபோவார். 'மேல ஏறுனா வண்டிக்கு மூச்சு முட்டுதுங்க' என்பது அவருடைய முறையீடு. மூணாறு ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு குறைவு. சமவெளிக்கு அமைத்த கார்புரேட்டர் அங்கே காற்றுக்குப் பொருந்தாத அளவில் பெட்ரோலைத் தரும், பிளக் கரிபிடிக்கும். எத்தனை முறை துடைத்தாலும் இது தீராது. ஏர் ஸ்க்ரூவைச் சற்றுத் தளர்த்த வேண்டும், தேவையானால் சிறிய ஜெட் போட வேண்டும். 'அடைச்சிருக்கு' என்பதும் 'மூச்சு முட்டுது' என்பதும் வேறுவேறு நோய்கள். முன்னதற்குத் துடைப்பு, பின்னதற்குத் திருத்தம். எந்திரவியல் பாடநூல் ஒரு பத்தியில் விளக்கும் வேறுபாட்டை இரண்டு வினைகள் காட்டிவிடுகின்றன.

நம் கலைச்சொல்லாக்கம் பெயர்களிலேயே நின்றுவிட்டது என்பதே என் முறையீடு. 1916இல் சேலத்தில் இராஜாஜியும் வேங்கடசுப்பையரும் அறிவியல் சொற்களுக்கெனத் தொடங்கிய சங்கம் முதல், அந்த முயற்சி மதிப்புக்குரியது. அது இல்லாமல் தமிழில் ஒரு பாடநூலும் எழுதியிருக்க முடியாது. ஆனால் கார்புரேட்டருக்கு எந்தத் தனித்தமிழ்ப் பெயர் தகும் என்று விவாதிக்கும் நாம், அது 'அடங்குவதை'ப் பதிவு செய்ததில்லை. தெலுங்கில் பத்ரிராஜு கிருஷ்ணமூர்த்தி 1962இலேயே உழவுத் தொழிற்சொற்களுக்கு வட்டார வழக்குகளைத் தொகுத்து அகராதி வெளியிட்டார். தொழில் செய்பவரிடமிருந்து சொல்லைப் பெறும் அந்த முறையே எந்திரத் தொழிலுக்கும் வேண்டும்.

காலம் அதிகமில்லை. 2020 ஏப்ரலில் பிஎஸ் 6 விதிமுறை நடைமுறைக்கு வந்தபின், புதிய இருசக்கர வண்டிகளில் எரிபொருள் உட்செலுத்து முறை வந்து, கார்புரேட்டர் ஏறக்குறைய மறைந்துவிட்டது. பழைய வண்டிகளுக்கோ புதிய தொல்லை. இப்போது பெட்ரோலில் 20 விழுக்காடு எத்தனால் கலந்திருக்கிறது. எத்தனால் ஈரத்தை ஈர்க்கும். இடுக்கியின் மழைக்காலத்தில் வாரக்கணக்கில் ஓடாமல் நிற்கும் வண்டியில் நீரும் எத்தனாலும் பிரிந்து அடியில் தங்கக்கூடும். பழைய ரப்பர் வளையங்கள் உப்பும். இதற்குப் பெரியப்பா சொல்லும் சொல் 'பெட்ரோல் தண்ணி விடுது'. தயிர் தண்ணீர் விடுவதைப் பார்த்தவரின் வினை அது. வேதியியலார் கட்டப் பிரிவு என்பதை அவர் அடுக்களையிலிருந்து எடுத்துக்கொண்டார். புதிய நிகழ்வுக்குப் பெயர் தேடி அவர் யாரையும் கேட்கவில்லை.

இதை வீட்டுப் பட்டறையின் மேல் கொண்ட மயக்கம் என்று சிலர் சொல்லக்கூடும். பெட்ரோல் ஆவி தீங்கானது, முற்றத்தில் தீப்பொறி பட்டால் விபத்து, துடைத்த பெட்ரோலை மண்ணில் கொட்டுவது தவறு: மூன்றையும் ஒப்புக்கொள்கிறேன். நான் போற்றுவது ஆபத்தை அன்று, அறிவை. சித்தூரிலோ தேவிகுளத்திலோ தமிழ்வழி படித்த ஒரு மாணவர் தொழிற்பயிற்சிக்குப் போகும்போது, வீட்டு முற்றத்தில் கற்றதைச் சொல்லும் மொழி அவரிடம் ஏற்கெனவே இருக்கிறது. அது மொழியே அன்று என்று நாம் சொல்லிவிட்டால், அவர் ஒன்றும் தெரியாதவராக வகுப்பில் உட்காருவார்.

வட்டார வழக்குக் களப்பணிக்குப் போகும் மாணவ நண்பர்களிடம் ஒன்று கேட்கிறேன். உறவுப்பெயர், உடலுறுப்பு, உழவுக்கருவி என்று நீளும் வினாப்பட்டியலில் ஒரு பக்கத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள். பழைய வண்டி வைத்திருக்கும் ஒருவரிடம் "இது என்ன?" என்று கேட்காதீர்கள், அதற்கு ஆங்கிலப் பெயர்தான் கிடைக்கும். "வண்டி என்ன பண்ணுதுங்க?" என்று கேளுங்கள்.