டெஸ்டிமோனாவும் மூர் அம்மையாரும்

நடிகை பெற்ற பரிசைக் கொண்டே அவர்தம் கலையை அளப்பது வழக்கமாகிவிட்டது. ஆங்கில நடிகையாராகிய பெக்கி ஆஷ்கிராப்ட் அம்மையாரைப்பற்றி வினவின், 77-ஆம் அகவையில் ஆஸ்கார் பரிசு பெற்ற மூதாட்டியார் என்று கூறி அமைவோரே பலர். அஃது உண்மையே, ஆயினும் அவ்வளவில் அமைதல் தகாதென்பது என் கருத்து.

அம்மையார் 1907-இல் லண்டனையடுத்த கிராய்டனிற் பிறந்தவர். 1930-இல், தம் 22-ஆம் அகவையில், லண்டன் சவாய் நாடக அரங்கில் ஷேக்ஸ்பியரின் ‘ஒத்தெல்லோ’வில் டெஸ்டிமோனாவாகத் தோன்றினார். கரிய நிறப் படைத்தலைவனைக் காதலித்து மணந்த வெள்ளை நங்கை டெஸ்டிமோனா. அன்று ஒத்தெல்லோவாக நடித்தவரோ பால் ரோப்சன். அமெரிக்காவில் அடிமைத்தளையினின்று தப்பிய ஒருவரின் மைந்தர். அந்நாளில் அவ்வேடத்தைப் பெரும்பாலும் வெள்ளையரே முகத்திற் கருமை பூசி நடிப்பர். கருமை பூசிய வெள்ளையரை நடிகை தழுவினால் கலை; இயல்பிலேயே கரியவரைத் தழுவினால் குற்றம்! இவ்வாறு எண்ணியோர் அம்மையார்க்கு வசைக்கடிதங்கள் விடுத்தனர்.

1935-இல் கீல்குட், ஒலிவியர் இருவரும் ரோமியோ வேடத்தை மாறி மாறி ஏற்றபோது, இருவர்க்கும் இவரே ஜூலியட். 1956-இல் ‘டேம்’ பட்டம் பெற்றார். இவை பலரும் அறிந்தனவாதலின் விரித்திலேன். 1963-இல் ‘ரோஜாப் போர்கள்’ என்னும் நாடகத் தொகுதியில் மார்கரெட் அரசியானதை மட்டும் விட மனம் வரவில்லை. அகவை 55-இல் இளமங்கையாய் மேடையேறி, பகைவனை எள்ளி நகையாடும் அரசியாய் வளர்ந்து, முடிவிற் சாபமிடும் கிழவியாய் நின்றார்.

இனி 1984-ஆம் ஆண்டிற்கு வருவோம். அவ்வாண்டு ‘தி ஜுவல் இன் தி கிரவுன்’ என்னும் தொலைக்காட்சித் தொடரில், ஓய்வுபெற்ற மிஷன் பள்ளி ஆசிரியையாக நடித்தார். (நம் கல்லூரியில் அத்தகையாரைக் காணாதார் யார்?) அவ்வாண்டே டேவிட் லீன் இயக்கிய ‘எ பாசேஜ் டு இந்தியா’ படத்தில் மூர் அம்மையாரானார். இந்தியாவிற்கு வந்த இவ்வாங்கில மூதாட்டி, இரவில் மசூதியொன்றில் அஸீஸ் என்னும் இந்திய மருத்துவரைச் சந்திக்கிறார். காலணியோடு நுழைந்தாரெனக் கருதி அவர் சினக்க, முன்னரே கழற்றிவிட்டதாக அம்மையார் கூறுகிறார். நட்பு அங்கே பிறக்கிறது. பரிசு பெற்ற பாத்திரம் இதுவே. நிறங்கருதி விலகாத நெஞ்சத்தைக் காட்ட, அவர் முதுமையிற் புதிதாய்க் கற்கவேண்டுவது யாதுமில்லை. 54 ஆண்டுகட்கு முன்னரே அதற்கு விலை கொடுத்திருந்தார்.

நடிப்பு வேறு, வாழ்க்கை வேறு என்பாருமுளர். பேசிய சொற்கள் புலவனுடையவை, நடிகைக்கு அதிற் பெருமை யாது என்பர். சொற்கள் புலவனுடையவையே. ஆனால் வசைக்கடிதங்கள் புலவனுக்கு வந்தனவல்லவே!

1985-இல் ஆஸ்கார் வழங்கப்பெற்றபோது அம்மையார் விழாவிற்கு வந்திலர். ஏஞ்சலா லான்ஸ்பரி என்னும் நடிகையாரே அவர்பொருட்டு அதனைப் பெற்றுக்கொண்டார். 1991-இல் பெக்கி அம்மையார் லண்டனில் மறைந்தார்.